கட்டி சுருங்கியும் ஆயுள் நீளவில்லை: ‘நியூ ஈபாக்’ ஆய்வு நடந்ததும் நின்றதும்

பெருங்குடல் அல்லது மலக்குடலில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவி, அந்தக் கட்டிகளை அறுத்து எடுத்துவிட முடியும் என்ற நிலையில் இருந்த நோயாளிகளை வைத்து, 2007 பிப்ரவரி முதல் 2012 இலையுதிர் காலம் வரை பிரிட்டனின் 39 மருத்துவமனைகளில் நடந்தது ‘நியூ ஈபாக்’ ஆய்வு. ஒருங்கிணைத்தது சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம். அறுவைக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் வழக்கமான கீமோதெரபியோடு செட்டுக்சிமாப் மருந்தையும் சேர்த்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகுமா என்பதே கேள்வி. தள்ளிப்போகும் என்று நம்புவதற்கு அப்போது வலுவான காரணங்கள் இருந்தன. நடந்ததோ நேர்மாறு. மருந்து சேர்த்தவர்களுக்கு நோய் முன்னதாகத் திரும்பியது, ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. எந்தக் கட்டத்தில் எதை நம்பி என்ன முடிவு எடுத்தார்கள், பின்னால் என்ன தெரிந்தது என்பதன் பதிவு இது. பங்கேற்ற நோயாளிகள் யாரும் இதில் தனித்து அடையாளம் காட்டப்படவில்லை.

பின்னணி

பெருங்குடலிலிருந்து திரும்பும் இரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து, அங்குள்ள நுண்குழாய்களில் வடிந்த பிறகே மேலே செல்கிறது. குடல் கட்டியிலிருந்து உதிரும் செல்கள் முதலில் சிக்கும் இடம் கல்லீரலாக இருப்பது இதனால்தான். மலக்குடலின் அடிப்பகுதிக்கு வேறு வடிகாலும் உண்டு, அங்கிருந்து நேரே நுரையீரலுக்குப் போகவும் வழி இருக்கிறது.

உடலெங்கும் பரவிய புற்றுநோயில் அறுவைக்கு இடமில்லை என்பது பொது விதி. கல்லீரலில் மட்டும் நின்றுவிட்ட குடல் புற்றுநோய் அதற்கு விலக்கு. கட்டிகளை முழுமையாக எடுத்தவர்களில் 40 விழுக்காட்டை ஒட்டியவர்கள் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருப்பதைப் பல மையங்களின் பதிவுகள் காட்டியிருந்தன. எத்தனை கட்டிகள் என்பதைவிட எவ்வளவு நல்ல கல்லீரல் மிஞ்சும் என்பதே அறுவை நிபுணரின் முதல் கணக்கு. நலமான கல்லீரல் என்றால் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால் போதும். நீண்ட நாள் கீமோ பட்ட கல்லீரலுக்கு 30 விழுக்காடாவது வேண்டும், சிரோசிஸ் இருந்தால் 40. மிஞ்சும் பகுதிக்குத் தன் இரத்தக் குழாய்களும் பித்தக் குழாயும் சேதமின்றி இருக்க வேண்டும் என்பது சேர்ந்து வரும் நிபந்தனை.

இந்த அறுவையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது: பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் மீண்டும் வருகிறது, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுக்குள். ஸ்கேனில் தெரியாத நுண்கட்டிகள் அறுவை நாளன்றே உடலில் இருக்கின்றன என்பதுதான் விளக்கம். அவற்றைக் கீமோ கொண்டு அடக்கலாம் என்ற எண்ணத்தில் ஐரோப்பாவில் நடந்த முதல் ‘ஈபாக்’ ஆய்வின் முடிவு 2008 இல் வெளிவந்தது. நான்கு கட்டிகள் வரை உள்ள 364 பேரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அறுவை மட்டும், மறு பாதிக்கு அறுவைக்கு முன் ஆறு சுற்றும் பின் ஆறு சுற்றும் ஆக்சாலிபிளாட்டின் அடங்கிய கீமோ. மூன்றாண்டு நோய் வளராமல் இருந்தவர்கள் 28.1 விழுக்காட்டிலிருந்து 35.4 ஆக உயர்ந்தார்கள். அறுவைக்குப் பின் வந்து பிறகு குணமான சிக்கல்கள் 16 விழுக்காட்டிலிருந்து 25 ஆகக் கூடின. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோ என்பது பல நாடுகளில் வழக்கமாக நிலைபெற இது போதுமானதாக இருந்தது.

ஏன் செட்டுக்சிமாப்

குடல் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி உண்டு. வெளியிலிருந்து வரும் ‘வளர்’ என்ற சமிக்ஞையை உள்ளே கடத்துவது அதன் வேலை. செட்டுக்சிமாப் அந்த ஏற்பியை அடைத்துக்கொள்ளும் எதிரணு மருந்து. 2004 இல் அமெரிக்காவில் குடல் புற்றுக்கு அனுமதி பெற்றது. அறுக்க முடியாத அளவுக்குப் பரவிய நோயாளிகளிடம் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது கட்டிகள் கூடுதலானவர்களுக்குச் சுருங்கின. ‘கிரிஸ்டல்’ ஆய்வில், கட்டியில் கேராஸ் என்ற மரபணு மாறாதவர்களில் (அதன் வேலை என்ன என்பது கீழே வரும்) கட்டி சுருங்கியவர்களின் பங்கு சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 57க்கு ஏறியது.

கல்லீரல் அறுவைத் துறை இதைத் தனக்கேற்ற கணக்காக மாற்றிக்கொண்டது. அறுக்க முடியாத கட்டிகள் சுருங்கினால் அவற்றில் சில அறுக்கத் தக்கவையாகும், அறுத்தால் ஆயுள் கூடும். இந்தக் கணக்கு அந்த இடத்தில் சரிதான். ஆனால் அடுத்த படி சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அறுக்க முடியாத நோயில் இவ்வளவு வேலை செய்யும் மருந்து, அறுக்க முடிந்த நோயில், அதாவது நோய்ச் சுமை குறைவான இடத்தில், இன்னும் நன்றாகத்தானே வேலை செய்யும்? யாரும் இதை விவாதித்து முடிவு செய்யவில்லை, எல்லோருக்கும் அது இயல்பாகத் தோன்றியது. ஆய்வு என்று ஒன்று நடந்திராவிட்டால் இந்த எண்ணமே நடைமுறையாகியிருக்கும். நியூ ஈபாக்கின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆய்வு அமைந்த விதம்

சேர்க்கப்பட்டவர்கள் கல்லீரல் கட்டிகளை முழுமையாக எடுக்க முடியும், அல்லது எடுக்க முடிவதன் விளிம்பில் இருக்கிறார்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்கள். குழுவுக்கு ஒதுக்குவது கணினி வழியாக, ஒன்றுக்கு ஒன்று. ஒதுக்கும்போது இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டியவை என்று மூன்றைக் குறித்திருந்தார்கள்: எந்த அறுவை மையம், மோசமான முன்கணிப்பு உள்ள கட்டியா (நான்கு அல்லது அதற்கு மேல் கல்லீரல் கட்டிகள், அதிக நிணநீர் முடிச்சுகளில் பரவல், மூலக் கட்டியின் செல்கள் இயல்பான உருவத்தை மிகவும் இழந்திருத்தல், இவற்றில் ஏதேனும் ஒன்று), முன்பே ஆக்சாலிபிளாட்டின் வாங்கியவரா.

கீமோவுக்கு மூன்று வழி. உடல் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கணக்கிடும் அளவுகள் இவை.

முதலாவது, ஆக்சாலிபிளாட்டின் 85 மி.கி. இரண்டு மணி நேரம் ஏற்றுவது, உடன் ஃபோலினிக் அமிலம், பிறகு ஃபுளூரோயுராசில் 400 மி.கி. ஐந்து நிமிடத்தில், தொடர்ந்து 2,400 மி.கி. 46 மணி நேரம் சிறு பம்பு வழியாக. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இரண்டாவது, ஆக்சாலிபிளாட்டின் 130 மி.கி., கூடவே கேப்சிடபின் மாத்திரை ஒரு வேளைக்கு 1,000 மி.கி. வீதம் தினமும் இரு வேளை 14 நாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை. மூன்றாவது, முன்பே ஆக்சாலிபிளாட்டின் வாங்கியவர்களுக்கு அதற்குப் பதில் இரினோடெகான் 180 மி.கி., உடன் ஃபுளூரோயுராசில்.

செட்டுக்சிமாப் குழுவில் முதல், மூன்றாம் வழிகளோடு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 500 மி.கி. மாத்திரை வழியோடு முதல் தடவை 400, பிறகு வாரந்தோறும் 250 மி.கி. எல்லோருக்கும் அறுவைக்கு முன் 12 வாரம், பின் 12 வாரம்.

யாருக்கு எந்த மருந்து என்பது மறைக்கப்படவில்லை. மறைக்க நினைத்தாலும் நடந்திருக்காது. செட்டுக்சிமாப் ஏற்றிய ஓரிரு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் முகப்பரு போன்ற சிவந்த கொப்புளங்கள் கிளம்பும், நகக்கண் புண்ணாகும், தோல் வெடிக்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும். இந்தக் கொப்புளம் நன்றாக வந்தால் மருந்து பிடிக்கிறது என்று பொருள் என்ற நம்பிக்கையும் மருத்துவர்களிடம் இருந்தது. இரத்தத்தில் மக்னீசியம் சரிவதையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதன்மை அளவுகோல், நோய் வளராமல் இருந்த காலம். இறுதிக் கணக்குக்கு 212 ‘நிகழ்வுகள்’ தேவை என்று முன்கூட்டியே வகுத்திருந்தார்கள். நிகழ்வு என்றால் ஒருவருக்கு நோய் வளர்வது அல்லது திரும்புவது, அல்லது அவர் இறப்பது. இத்தகைய ஆய்வின் வலிமை சேர்ந்தவர்களின் எண்ணிக்கையில் இல்லை, நிகழ்வுகளின் எண்ணிக்கையில் இருக்கிறது.

2008: கேராஸ் திருத்தம்

தொடக்கத்தில் கேராஸ் நிலை பாராமல் நோயாளிகளைச் சேர்த்தார்கள். ஈஜிஎஃப்ஆர் ஏற்பிக்குக் கீழே சமிக்ஞையைக் கடத்தும் புரதம் கேராஸ். அதன் மரபணுவில் 12, 13 ஆம் இடங்களில் மாற்றம் வந்தால் புரதம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், மேலே ஏற்பியை அடைத்து என்ன பயன்? குடல் புற்றில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் இந்த மாற்றம் உண்டு. இவர்களுக்கு செட்டுக்சிமாப் பயனில்லை என்பது 2008 இல் தெளிவானதும் நெறிமுறை திருத்தப்பட்டு, கேராஸ் மாறாதவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர்.

நடைமுறையில் இதற்கு ஒரு வேலை கூடுகிறது. குடல் அறுவையின்போதோ பயாப்சியிலோ எடுத்த திசு, பாரஃபின் மெழுகில் பதித்த கட்டையாக ஏதோ ஒரு மருத்துவமனையின் நோயியல் துறை அலமாரியில் இருக்கும். அதை வரவழைத்து, நோயியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் புற்றுச் செல்கள் அடர்ந்த இடத்தை வட்டமிட்டுக் கொடுக்க, அந்த இடத்தை மட்டும் சுரண்டி டி.என்.ஏ. எடுக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே உள்ள சாதாரணத் திசு அதிகம் கலந்துவிட்டால் மாற்றம் நீர்த்துப்போய், ‘மாறவில்லை’ என்ற பொய்யான முடிவு வரும். சிறிய பயாப்சித் துணுக்கிலும், முன்பே கதிர்வீச்சு பட்ட மலக்குடல் திசுவிலும் இது அடிக்கடி நேரும் பிழை.

திருத்தம் சரியான முடிவு. ஆனால் அன்று பார்க்கத் தெரிந்தது கேராஸின் இரண்டாவது எக்ஸானை (அந்த 12, 13 ஆம் இடங்கள் அடங்கிய மரபணுத் துண்டு) மட்டும்தான். கேராஸின் மற்றப் பகுதிகளிலும் என்ராஸ் மரபணுவிலும் வரும் மாற்றங்களும் இதே போல் மருந்தைச் செல்லாக்காசாக்கும் என்பது 2013 இல்தான் உறுதியானது. ‘மாறவில்லை’ என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவரிடம் இப்படி வேறு மாற்றம் ஒளிந்திருந்ததை இன்னொரு எதிரணு மருந்தின் ஆய்வு காட்டியது.

2012 நவம்பர்: நிறுத்தம்

இத்தகைய ஆய்வுகளில் முடிவுத் தரவை நடத்துபவர்களே பார்ப்பதில்லை. சிகிச்சையில் தொடர்பில்லாத மருத்துவர்களும் புள்ளியியலாளரும் அடங்கிய தனிக் கண்காணிப்புக் குழு, முன்கூட்டியே குறித்த கட்டங்களில் மூடிய அறையில் பார்க்கும். மருத்துவமனைகளுக்குத் தெரிவது ‘தொடரலாம்’ அல்லது ‘நிறுத்துங்கள்’ என்ற ஒரு வரி மட்டும்.

நியூ ஈபாக்கின் நெறிமுறையில் ‘பயனின்மை விதி’ ஒன்று எழுதப்பட்டிருந்தது. மீதமுள்ள நிகழ்வுகள் எல்லாம் வந்து சேர்ந்தாலும் புதிய மருந்து வெல்வதற்கு வாய்ப்பில்லை என்ற நிலை வந்தால் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். 212 இல் 123 நிகழ்வுகள், அதாவது 58 விழுக்காடு, பதிவாகியிருந்தபோது அந்தக் கோடு தாண்டப்பட்டது. 2012 நவம்பர் 1 ஆம் தேதியோடு சேர்க்கை மூடப்பட்டது. மருந்து கெடுக்கிறது என்று நிரூபிக்கும் நோக்கில் எழுதப்பட்ட விதி அல்ல இது. வெல்லாத மருந்தை வீணாகக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக எழுதியது. ஏடு திறந்து பார்த்தபோது தெரிந்ததோ அதைவிட மோசம்.

கண்டது

கேராஸ் மாறாத 257 பேரில் 128 பேர் கீமோ மட்டும், 129 பேர் செட்டுக்சிமாப் சேர்த்து. முதல் கணக்கில் அடங்கியவர்கள் முறையே 117, 119. இடைநிலைக் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) கண்காணிப்புக் காலம் 20.7 மாதம். நோய் வளராமல் இருந்த காலம் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு இடைநிலையாக 20.5 மாதம், செட்டுக்சிமாப் சேர்த்தவர்களுக்கு 14.1 மாதம். அபாய விகிதம் 1.48 (1 என்றால் இரு குழுவும் சமம்), 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு, 1.04 முதல் 2.12 வரை. எளிமையாகச் சொன்னால், எந்தக் கட்டத்தில் எடுத்துப் பார்த்தாலும் செட்டுக்சிமாப் குழுவில் நோய் திரும்பும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிகிச்சையால் நேர்ந்திருக்கக்கூடிய இறப்புகள் செட்டுக்சிமாப் குழுவில் மூன்று, கீமோ குழுவில் ஒன்று.

இதற்கு அருகில் வைத்துப் பார்க்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் கட்டி சுருங்கியவர்கள் கீமோ குழுவில் 62 விழுக்காடு, செட்டுக்சிமாப் குழுவில் 70. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. ஆனாலும் திசை கவனிக்கத்தக்கது. ஸ்கேன் அறையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு மருந்து கெடுக்கிறது என்பதற்கான எந்த அறிகுறியும் கிடைத்திருக்காது. சற்று நல்லது செய்வதாகக்கூடத் தோன்றியிருக்கும். ஒப்பிடுவதற்கு மறு குழு இல்லாமல், ஒரு மருத்துவமனை தன் நோயாளிகள் முப்பது நாற்பது பேருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தால், ‘பத்தில் ஏழு பேருக்குச் சுருங்கியது’ என்று நல்ல செய்தியாகத்தான் எழுதியிருப்பார்கள்.

ஏன் இப்படி ஆனது

உறுதியான ஒற்றை விடை இல்லை. முன்வைக்கப்பட்டவற்றை எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலில், ‘சுருங்குதல்’ எதை அளக்கிறது என்ற கேள்வி. ஸ்கேனில் தேர்ந்தெடுத்த கட்டிகளின் நீண்ட விட்டங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை 30 விழுக்காடு குறைந்தால் ‘பதில் கிடைத்தது’ என்று குறிப்பது வழக்கம். அளக்கப்படும் அந்தக் கட்டிகளை அறுவை நிபுணர் எப்படியும் வெட்டி எடுத்துவிடப் போகிறார். நோயாளியின் எதிர்காலத்தை முடிவு செய்வது அளக்கப்படாதவை: ஸ்கேனுக்குத் தட்டுப்படாத நுண்கட்டிகள். அறுக்க முடியாத நோயில் தெரியும் கட்டியே நோய், அதனால் அங்கே அளவும் பயனும் ஓரளவு ஒட்டிப் போகின்றன. அறுக்க முடிந்த நோயில் இந்த இரண்டும் தனித்தனிப் பொருள்கள். நியூ ஈபாக்கைப் படிக்கும்போது முதலில் மனதில் இருத்த வேண்டியது இதுதான்.

சுருங்குவது தனியே ஒரு சிக்கலையும் கொண்டு வரும். கீமோவுக்குப் பின் ஸ்கேனில் மறைந்துபோகும் கட்டிகள் இறந்துவிட்டன என்று கொள்ள முடியாது. 2006 இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், அப்படி ‘மறைந்த’ 66 கட்டி இடங்களைப் பின்தொடர்ந்தபோது 55 இடங்களில் உயிருள்ள புற்று எஞ்சியிருந்தது அல்லது அதே இடத்தில் திரும்பியது. அறுவை மேசையில் வயிற்றைத் திறந்து, கல்லீரலைக் கையால் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை அதன் மேல் நேரடியாக வைத்துத் தேடினாலும் சில அகப்படாது. கிடைக்காத கட்டியை எடுக்க முடியாது. அறுக்கப் போகிற கட்டியைக் கண்காணா அளவுக்குச் சுருக்குவது அறுவை நிபுணருக்குச் செய்யும் உதவி அல்ல. அதனால்தான் கீமோ தொடங்கும் முன்பே, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆழமான கட்டிகளின் ஓரத்தில் சிறு உலோகக் குறி பதித்து வைக்கும் வழக்கம் பல மையங்களில் வந்தது.

அடுத்து, கூட்டாளி மருந்து. இந்த ஆய்வில் பெரும்பாலோர் பெற்றது ஆக்சாலிபிளாட்டின். பிரிட்டனிலேயே நடந்த ‘காயின்’ ஆய்வில், அறுக்க முடியாத நோயாளிகளிடம் ஆக்சாலிபிளாட்டின் கீமோவோடு செட்டுக்சிமாப் சேர்த்தபோது, கேராஸ் மாறாதவர்களில் சுருங்கியவர்கள் 57 இலிருந்து 64 விழுக்காடாக ஏறினார்கள், நோய் வளராத காலமோ இரு குழுவிலும் 8.6 மாதம். ஆயுளும் கூடவில்லை. 2011 இல் வந்த முடிவு இது. குடல் அறுவைக்குப் பின் மூன்றாம் கட்ட நோயாளிகளிடம் இதே சேர்க்கையைச் சோதித்த அமெரிக்க ஆய்வு 2012 இல் வெளிவந்தது: மூன்றாண்டு நோயின்றி இருந்தவர்கள் கீமோ மட்டும் 74.6 விழுக்காடு, செட்டுக்சிமாப் சேர்த்து 71.5. தெரியும் கட்டி இல்லாத, நுண்கட்டிகள் மட்டுமே இருக்கக்கூடிய நோயாளிகள் அவர்கள். நியூ ஈபாக் இதற்கு மிக அருகில் நிற்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்தால், ஈஜிஎஃப்ஆர் தடை நுண்கட்டிகளிடம் செல்லுபடியாவதில்லை என்ற கருத்து, ‘ஏதோ தற்செயல்’ என்பதைவிடப் பொருத்தமாக இருக்கிறது.

அறுவையின் தரம் இரு குழுவிலும் ஒன்றுதானா என்று முடிவு வெளியானதும் பல கல்லீரல் அறுவை நிபுணர்கள் கடிதம் எழுதினார்கள். நியாயமான கேள்வி. ஆனால் பின்னர் வந்த முழுக் கணக்கில், வெட்டிய விளிம்பில் புற்று எஞ்சியதா என்பதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒதுக்கும்போதே அறுவை மையத்தைச் சமன்படுத்தியிருந்ததையும் நினைவில் கொண்டால், இந்த விளக்கம் முழுப் பளுவையும் தாங்காது. விரிவான ராஸ் பரிசோதனை (கேராஸ், என்ராஸ் இரண்டையும் முழுமையாகப் பார்ப்பது) இல்லாத குறை உண்மை. அதுவும் பயன் குறைந்ததை விளக்கும், கெட்டதை முழுமையாக விளக்காது.

2020: நீண்ட காலக் கணக்கு

ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினால் ஒரு விலை உண்டு. நிறுத்தும் தருணத்தில் கிடைக்கும் வேறுபாடு பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் கோட்டைத் தாண்டிய அந்த உச்சத்தில்தான் படம் எடுக்கப்படுகிறது. கடைசி நோயாளி சேர்ந்து ஐந்தாண்டு கழித்து, 66.7 மாத இடைநிலைக் கண்காணிப்போடு 2020 இல் முழுக் கணக்கு வெளிவந்தபோது இது அப்படியே தெரிந்தது. நோய் வளராத காலம் கீமோ குழுவில் 22.2 மாதம், செட்டுக்சிமாப் குழுவில் 15.5. அபாய விகிதம் 1.48 இலிருந்து 1.17 ஆக இறங்கிவிட்டது, இடைவெளி 0.87 முதல் 1.56. புள்ளியியல் கண்ணால் பார்த்தால் வேறுபாடு கரைந்துவிட்டது.

இங்கேயே நின்றிருந்தால் அவசரப்பட்டு நிறுத்தினார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒட்டுமொத்த ஆயுள் கணக்கு வேறு. கீமோ மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 81.0 மாதம். செட்டுக்சிமாப் சேர்த்தவர்களுக்கு 55.4. அபாய விகிதம் 1.45, இடைவெளி 1.02 முதல் 2.05. இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட வித்தியாசம்.

முதலில் வந்த அளவுகோலில் வேறுபாடு மங்கி, கடைசி அளவுகோலில் நிலைத்தது எப்படி? இந்த நோயில் பெரும்பாலோருக்கு என்றாவது நோய் திரும்புகிறது, எனவே காலம் போகப் போக ‘திரும்பியதா’ என்ற கணக்கில் இரு கோடுகளும் ஒன்றையொன்று நெருங்குவது எதிர்பார்க்கத் தக்கதே. திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் பிரிவு. ஒன்றிரண்டு இடத்தில் மெதுவாகத் திரும்பினால் மீண்டும் கல்லீரலையோ நுரையீரலையோ அறுக்கலாம், பல ஆண்டு போகும். பல இடங்களில் ஒரே நேரத்தில் திரும்பினால் அந்த வாய்ப்பு இல்லை. செட்டுக்சிமாப் பெற்றவர்களுக்குத் திரும்பிய நோய் கூடுதல் வீரியத்தோடு இருந்திருக்கலாம் என்பது தரவோடு ஒத்துப்போகும் விளக்கம். ஏன் அப்படி என்பது செல் அளவில் நிறுவப்படவில்லை. 1.02 என்ற கீழ் எல்லை ஒன்றை ஒட்டி நிற்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இழப்பின் அளவு இவ்வளவுதான் என்று அடித்துச் சொல்ல இந்தத் தரவு போதாது. பயன் இருக்கிறது என்று வாதாட இதில் எந்த இடமும் இல்லை என்பது மட்டும் உறுதி.

நடைமுறையில் மாறியது

2013 இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்க மாநாட்டில் முடிவு அறிவிக்கப்பட்ட பின், எளிதில் அறுக்க முடிந்த கல்லீரல் பரவலுக்கு அறுவையைச் சுற்றி ஈஜிஎஃப்ஆர் எதிரணு மருந்துகள் வேண்டாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் 2016 இல் எழுதியது. மருந்து கைவிடப்பட்டது என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அறுக்க முடியாத நோயில், ராஸ் மரபணுக்கள் மாறாமல், மூலக் கட்டி குடலின் இடப் பக்கத்தில் இருந்தால், இந்த வகை மருந்து இன்றும் முதல் வரிசையில்தான் நிற்கிறது. ஜப்பானின் ‘பாரடைம்’ ஆய்வு 2023 இல் இதை மேலும் உறுதி செய்தது. ஒரே மருந்து, ஒரே நோய், அறுக்க முடியுமா முடியாதா என்ற ஒரு கேள்வியின் இரு பக்கத்தில் எதிரெதிர் விளைவு.

இதன் நேரடி விளைவாகப் பல்துறை மருத்துவர் கூட்டத்தில் முதல் கேள்வியின் எடை கூடிவிட்டது. கீமோ எழுதும் முன் கல்லீரல் அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்து, ‘இன்றே எடுக்கலாம்’, ‘சுருங்கினால் எடுக்கலாம்’, ‘எடுக்க முடியாது’ என்ற மூன்றில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். முன்பு கீமோவைத் தொடங்கிவிட்டு மூன்று மாதம் கழித்து அறுவை நிபுணரிடம் அனுப்புவது சாதாரணம். அப்படி அனுப்பினால் முதல் வகை நோயாளிக்கும் இரண்டாம் வகைக்கான மருந்து போய்விடும், கல்லீரலும் அடிபடும். ஆக்சாலிபிளாட்டின் நுண்குழாய்களைச் சிதைத்துக் கல்லீரலை நீலம் பாரிக்கச் செய்யும், இரினோடெகான் கொழுப்போடு வீக்கத்தை உண்டாக்கும். ஆறு சுற்றுக்கு மேல் போனால் அறுவைச் சிக்கல்கள் ஏறுகின்றன. கடைசிச் சுற்றுக்கும் அறுவைக்கும் இடையே நான்கு முதல் ஆறு வாரம் விடுவது இதற்காகவே.

அறுவையைச் சுற்றிய கீமோவே எவ்வளவு தேவை என்ற கேள்வியும் பின்னால் எழுந்தது. முதல் ஈபாக்கின் நீண்ட காலக் கணக்கு 2013 இல் வந்தபோது ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் கீமோவோடு 51.2 விழுக்காடு, அறுவை மட்டும் 47.8, உறுதியான வேறுபாடு இல்லை. ஜப்பானில் 300 பேரிடம் அறுவைக்குப் பின் 12 சுற்று கீமோவைச் சோதித்த ஆய்வில், ஐந்தாண்டு நோயின்றி இருந்தவர்கள் 38.7 இலிருந்து 49.8 விழுக்காடாகக் கூடினார்கள், ஆனால் உயிரோடு இருந்தவர்கள் அறுவை மட்டும் பெற்ற குழுவில் 83.1, கீமோ குழுவில் 71.2. நோய் தள்ளிப்போவதும் ஆயுள் கூடுவதும் இந்த நோயில் ஒன்றுக்கொன்று உத்தரவாதம் தருவதில்லை என்பதற்கு நியூ ஈபாக் தனிச் சான்று அல்ல என்று ஆகிவிட்டது.

இன்று நடத்தினால் மாற வேண்டியவை

முதலாவதாக, நோயாளித் தேர்வு. எளிதில் அறுக்கத் தக்கவர்களையும் விளிம்பில் இருப்பவர்களையும் ஒரே ஆய்வில் கலக்கக் கூடாது. சுருங்குவதால் பின்னவர்களுக்குப் பயன் கிடைக்கலாம், முன்னவர்களுக்குக் கிடைக்க வழியே இல்லை. கலந்து வைத்துவிட்டுப் பின்னால் பிரித்துப் பார்த்தால், எந்தப் பிரிவிலும் நம்பிக்கையோடு பேசுமளவு நிகழ்வுகள் மிஞ்சுவதில்லை.

மரபணுப் பரிசோதனையில் கேராஸ், என்ராஸ் முழுவதும், பிராஃப், டி.என்.ஏ. நகலெடுக்கும்போது வரும் பொருத்தப்பிழைகளைத் திருத்தும் மரபணுக்களின் நிலை ஆகியவை ஒதுக்கீட்டுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். கட்டி இடப் பக்கமா வலப் பக்கமா என்பதைச் சமன்படுத்தும் காரணிகளில் சேர்க்க வேண்டும். 2007 இல் இதன் எடை யாருக்கும் தெரியாது.

கூட்டாளிக் கீமோ ஒன்றாக இருப்பது நல்லது. மூன்று வழிகளை அனுமதித்ததால் நோயாளிகளைச் சேர்ப்பது எளிதாகியிருக்கலாம். ஆனால் முடிவு எதிர்பாராத பக்கம் திரும்பியபோது, எந்தச் சேர்க்கை காரணம் என்று பிரித்தறியப் போதிய எண்ணிக்கை எந்த வழியிலும் இல்லாமல் போனது. அறுவைக்கு முந்தைய ஸ்கேனில் ‘பதில் கிடைத்தது’ என்ற அளவை வைத்து மருந்தைத் தொடரும் முடிவையும் நெறிமுறையிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

திசு சேமிப்பு ஆய்வோடு சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும். அறுவையில் எடுத்த கல்லீரல் கட்டி, நோய் திரும்பும்போது எடுக்கும் பயாப்சி, இடைப்பட்ட மாதங்களில் எடுக்கும் இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ., இவை மூன்றும் ஒரே நோயாளியிடமிருந்து வரிசையாகக் கிடைத்தால்தான், செட்டுக்சிமாப் பெற்றவர்களிடம் திரும்பிய நோய் வேறு வகைச் செல்களால் ஆனதா என்று நேரடியாகப் பார்க்க முடியும். இரத்த டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சாதாரணக் குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டி.என்.ஏ. கலந்துவிடும். செல்களைக் காக்கும் தனிக் குழாய் என்றால் நாள் கணக்கில் அவகாசம் கிடைக்கும், தொலைவு மருத்துவமனையிலிருந்தும் மாதிரி அனுப்பலாம்.

நிறுத்தும் விதிகளில் பயனின்மைக் கோட்டோடு தீங்குக் கோடு ஒன்றும் தனியாக வேண்டும். ஆயுள் கணக்கு முதிரும் வரை கண்காணிப்பைத் தொடர்வதற்கான நிதி, ஆய்வு நிறுத்தப்பட்டாலும் நிற்காதபடி தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். நியூ ஈபாக்கில் கண்காணிப்பு தொடர்ந்ததால்தான் 2020 இன் ஆயுள் கணக்கு கிடைத்தது.